பஞ்சாட்சரம் அண்ணன் குரல்

வேலூர்
மாசி, 1979

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாதம்மாள் வணங்கி எழுதுவது. அப்பா, முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

பயப்படாமல் கேளுங்கள். போன மாதம் நம் பக்கத்து ஊர் பஞ்சாட்சரம் அண்ணனை நான் நர்சாக இருக்கும் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். உங்களைப் போலவே, பீடி பற்றவைக்க மாட்டுக் கயிற்றைக் கழுத்தில் போட்டிருக்கிறார். மாடு மிரண்டு இழுத்துவிட்டது. வந்தபோது நடந்தார், பேசினார். கூட வந்த அவருடைய அப்பா, "அதான் பேசறானே, இன்னா ஆவப்போவுது? வூட்டுக்குப் போய்ட்டு சாமிக்குப் பொங்கல் வைக்கணும்" என்று கிளம்பிவிட்டார்.

இங்கே பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர், கழுத்து இறுகியும் பிழைத்து வந்து, பிறகு ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்களைப் பற்றி ஆராய்கிறார். தொண்டை உள்ளே மெல்ல வீங்கி மூச்சை அடைக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். "ரெண்டு நாள் இருங்க பெரியப்பா, நானே பஸ் ஏத்தி வுடறேன்" என்று கெஞ்சினேன். இருந்தார்கள். மறுநாள் மூச்சு அடைத்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள். முகம் தெரியாத அந்த இறந்தவர்களை அன்று மனதுக்குள் கும்பிட்டேன். என்னைப் படிக்க அனுப்பிய உங்களையும்.

கொஞ்சம் சாமையும் நம் மரத்துப் புளியும் அனுப்புங்கள். அண்ணன் வார்டில் இருந்தவரை நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தது. இனி அது கேட்காது. மாட்டுக் கயிற்றைக் கையிலேயே பிடியுங்கள் அப்பா.

அண்ணன் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடிதத்தை அண்ணனிடமே கொடுத்தனுப்புகிறேன். இதை உங்களுக்கு இப்போது படித்துக்காட்டுவதும் அவர்தான். குரல் கரகரவென்றுதான் இருக்கும், பொறுத்துக் கேளுங்கள்.