சுயம்புலிங்கம் காரின் நான்கு கதவுகள்

கோம்பை,
19.11.1986

அன்பு மகள் சொர்ணலதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், என் வலது முழங்கால் மட்டும் மழை வந்ததிலிருந்து தனிக்குடித்தனம் கேட்கிறது. பரோடாவில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளியைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே.

உன் கடிதம் திங்களன்று வந்தது. டிரைவர் சங்கிலிக்குக் கொடுத்த பதினைந்து நாள் கெடுவும் அன்றுதான் முடிந்தது. ஏலக்காய் வியாபாரி சுயம்புலிங்கத்தின் வெளிநாட்டுக் காரில் ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கு கதவும் தாமாகப் பூட்டிக்கொள்ளும் என்பதையும், அது திடீரென்று நின்றுபோனதையும், சங்கிலிதான் கெடுத்தான் என்று அவனை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்ததையும் எழுதியிருந்தேன் அல்லவா. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக், கதவுகளைப் பூட்டும் நான்கு மோட்டாரும் போய்விட்டன, பம்பாயிலிருந்துதான் வரவேண்டும் என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். என் மகள் மின்சாரம் படித்தவள், அவள் பதில் வரும்வரை பொறுங்கள் என்று நான்தான் கெடு வாங்கினேன். அத்தனை நாளும் சங்கிலியின் மனைவி பூமாரி தபால்காரருக்கு முன்பே நம் வாசலுக்கு வந்துவிடுவாள்.

சுயம்புலிங்கம் வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் சூழ உன் கடிதத்தை வாசித்தேன். முதலில் ஃப்யூஸைப் பார்க்கச் சொல்லியிருந்தாய், சங்கிலி பார்த்தான், நன்றாக இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் கதவுகளில் சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொல்லியிருந்தாய், கார் ஏதோ ரகசியம் சொல்லப்போவதுபோல ஆளுக்கொரு கதவில் காதை வைத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. நான்கு மோட்டாரும் ஒரே நாளில் சாகாது, நான்குக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள், டிரைவர் பக்கக் கதவின் கீலருகே வயர் போகும் ரப்பர் குழாயைச் சோதியுங்கள் என்ற வரிக்கு வந்தேன். சங்கிலி அதைத் திருப்பினான். அடிப்பக்கம் பல் தடம், உள்ளே இரண்டு வயர் அறுந்து கிடந்தன.

காரை அன்னியர் தொடக்கூடாதென்று, வெள்ளிதோறும் கழுவிக் கதவைத் திறந்து உலரவிடும்போது தன் கோம்பை நாயை அந்தக் கதவிலேயே கட்டிவைத்தவர் சுயம்புலிங்கம். "எங்க நாய் ஆளத்தாம்யா கடிக்கும், வயரக் கடிக்காது" என்று வாதாடினார். "ஆளு ஒருத்தரும் கிட்ட வராட்டி அது என்னத்த மொதலாளி கடிக்கும்?" என்று கேட்டாள் பூமாரி. சங்கிலி வயர்களை முறுக்கி டேப் சுற்றிப் பொத்தானை அழுத்தினான், நான்கு கதவும் டக்கென்று பூட்டின. "நாளைக்கு வெள்ளன வந்துருலே" என்று சுயம்புலிங்கம் வானத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் மன்னிப்பை அப்படித்தான் உச்சரிப்பார்கள். நாய் மீது நடவடிக்கை எதுவும் இல்லை.

நீ காலேஜில் சேர்ந்தபோது, "பொட்டப்புள்ளைக்குக் கரண்டுப் படிப்பு எதுக்கு வாத்தியாரே, பல்பு மாட்டவா?" என்று கேட்டவரும் அவர்தான். எம் மகளுக்குப் பல்பும் மாட்டத் தெரியும்னு சொல்லிருக்கணும் என்று உன் அம்மா இப்போதும் என்னைத் திட்டுகிறாள். டீக்கடையில், "வாத்தியார் மக காயிதத்துலயே கார ரிப்பேர் பாத்துட்டாக" என்று பேச்சு. நான் கேட்காததுபோல அங்கே இரண்டு டீ குடித்தேன்.

பூமாரி கொடுத்த மொச்சை பார்சலில் வருகிறது, ஊறவைத்து வேகவை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே. உனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். சுருளி வேலப்பர் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

காருக்குள் வைத்துக்கொள்ள உன் கடிதம் வேண்டும் என்று சுயம்புலிங்கம் கேட்டார். அசலைத் தரமாட்டேன் என்று நகலெடுத்துக் கொடுத்தேன். கீழே உன் பெயரையும் பட்டத்தையும் எழுதும்போது எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா
குருசாமி