குளத்துக்குக் கொடுக்கும் வயல்

என் பாசமுள்ள அக்கா,

அங்கேயும் ஒரு குழாயடி இருந்தால் வரிசையில் முதல் ஆளாக நீங்கள்தான் நிற்பீர்கள். கோபிக்காதீர்கள். உங்களைப் பகிடி பண்ணாமல் எனக்கு ஒரு வரியும் ஓடாது.

ஒரு செய்தி சொல்லவே எழுதுகிறேன். நம்முடைய ஆற்றை மறித்துப் புதிதாக ஒரு குளம் கட்டப் போகிறார்கள். மாரியில் வெள்ளமாகக் கடலுக்கு ஓடுகிற தண்ணீரைத் தேக்கினால், கோடையில் வயல்களுக்கும் விடலாம், திருகோணமலை நகரத்துக் குழாய்களுக்கும் விடலாம். நல்ல காரியம்தானே? ஆனால் தண்ணீர் தேங்கப் போகிற இடத்தில்தான் நம்முடைய வயல் இருக்கிறது. அம்மா நம் இருவருக்கும் பொதுவாகச் சீதனம் தந்த வயல்.

அந்த வயலால் நாம் பிடித்த சண்டை கொஞ்சமா? நீங்கள் கலியாணம் கட்டி நகரத்துக்குப் போனீர்கள், நான் வயலோடு நின்றுவிட்டேன். கோடையில் சிறுபோக விதைப்புக்கு நாங்கள் வாய்க்காலைத் திறந்தால் உங்கள் குழாயில் காற்றுத்தான் வரும். ஒரு வருடம் கன்னக் கூட்டத்துக்கே பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். தண்ணீர் திறக்கும் நாளை விவசாயிகள் பேசித் தீர்மானிக்கிற கூட்டம் அது. "பாதி வயல் என்ட. நானும் கமக்காரிதான்" என்று எழும்பி நின்றீர்கள். "ரெண்டு கிழமை பிந்தி விதைச்சா வயல் செத்துப் போகாது. குடிக்கத் தண்ணியில்லாத சனம் என்ன செய்யிறது?" என்று கேட்டீர்கள். சொந்த வயலுக்கே எதிராகக் கதைத்தவரை அந்தக் கூட்டம் அதற்கு முன் கண்டதில்லை. வீடு வரும்வரை உங்களை ஏசிக்கொண்டே வந்தேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் பாதி மகளுக்கு வந்துவிட்டதால், இப்போது வயலைக் கொடுக்க நானும் அவளும் சம்மதிக்க வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வைக்கிறவள் அவள். உடனே தலையாட்டுவாள் என்று நினைத்தேன். போன் எடுத்தாள்.

"சின்னம்மா, உங்கட வயலை மூடிப்போட்டு வாற தண்ணி எங்களுக்கு வேணாம்."

"விசர்க் கதை கதையாத. பிள்ளையளுக்கு என்னத்தைக் குடிக்கக் குடுப்பாய்?"

"நீங்க என்னத்தைச் சாப்பிடுவீங்க?"

அவளைப் பெற்றதற்கு உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. யாரைப் பிழை சொல்வது, அக்கா? குடிக்கக் கேட்கிறவளும் நியாயம், விதைக்கக் கேட்கிறவளும் நியாயம். ஆறு ஒன்றுதானே இருக்கிறது?

வயல் வரம்பில் போய் இருந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் போனேன். "குளத்துக்குக் கீழ எங்களுக்குக் காணி தாங்க. அதில நான் விதைச்சு முளை கண்ட பிறகு இதை மூடுங்க" என்றேன். நல்ல மனுசன். "ஓம் அம்மா, அப்பிடியே செய்வம்" என்றார். நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய? அதைக் கேட்ட பிறகுதான் உங்கள் மகளும் சம்மதித்தாள்.

புதுக் காணியைப் போய்ப் பார்த்தேன். ஒரே முட்பற்றை. மண் மட்டும் நல்ல மண்.

எல்லாம் சரியாக நடந்தால், வரப்போகிற ஒரு கோடையில் என் வாய்க்காலும் ஓடும், உங்கள் வீட்டுக் குழாயும் ஓடும். இரண்டும் ஒரே நாளில் ஓடுவதை நாம் இருவரும் ஒருதரமும் கண்டதில்லையே. தண்ணீர் வரும்போது நீங்கள் இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா, அக்கா?

புதுக் காணியிலும் பாதி உங்கள் மகளுடையதுதான். அவளோடு சண்டையே பிடிக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, என் வாய் உங்களுக்குத் தெரியும். ஆனால் தண்ணீருக்காகப் பிடிக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் வாய்க்காரத் தங்கச்சி