கொக்கிளாய்ச் சுறாவின் நடுமுள்

ஓகஸ்ட் 11, திங்கள்

கச்சான் காற்று. ஆய்வுகூட யன்னல் காலையிலிருந்து படபட.

நான் தேடுவது எலும்பின் சுண்ணாம்போடு ஒட்டிக் கிடக்கும் ஒரு புரதம். வைற்றமின் கே இல்லாமல் உடம்பால் அதைச் சரிவரச் செய்ய முடியாது. அது இருந்தால், சாயம் போட்டதும் சிவப்புக் கோடு.

மாடு – சிவப்பு.
ஆடு – சிவப்பு.
கோழி – மெல்லிய சிவப்பு.
சுறா – ஒன்றுமில்லை. மூன்றாவது முறை.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "சுறாவை விடும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரேல்லையெண்டால் அந்த அத்தியாயத்தை வெட்டிப்போட்டு மிச்சத்தை எழுதும்."

வெட்டுவதா? நாற்பத்திரண்டு வயதில், ஆசிரியை வேலைக்கு லீவு போட்டு, மேற்படிப்புக்கு வந்தது மாட்டெலும்பு பார்க்கவா? உடம்பு முழுக்கக் குருத்தெலும்பான சுறாவிலும் அந்தப் புரதம் உண்டு என்று காட்டத்தான். வேறு கடல்களில் கண்டிருக்கிறார்கள். எங்கள் கொக்கிளாய்க் கடலின் சுறா என்ன பாவம் செய்தது?

வாங்க: சவர்க்காரம், தேங்காய் 2, தலையிடிக் குளிசை.

12, செவ்வாய்

வெயில். மத்தியானம் சுறா வறை. சமைத்தது மச்சாள், என் கணவரின் அக்கா. அவிக்க முதல் நடுமுள்ளை எனக்கென்று எடுத்து வைப்பதும் அவர்தான்.

"எப்பிடிக் கழுவுறனீங்கள்?" சும்மாதான் கேட்டேன்.

"புளிக்கரைசலிலை இரவு முழுக்க ஊறப் போட்டுத்தான். இல்லாட்டி மீன் வெடுக்குப் போகுமே?"

ஐயோ! அமிலம் ஊற்றிச் சுண்ணாம்பைக் கரைத்துத்தான் நானே புரதத்தை எடுக்கிறேன். அந்த வேலையை மச்சாள் குசினியிலேயே முடித்து, தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டார். மூன்று முறையும்!

கத்திவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வெடுக்கு மணக்கிற முள்ளைப் படிச்ச ஆக்களுக்குக் குடுத்து விடலாமே?"

வெட்கமாக இருந்தது. இருந்தும் கோபம் போகவில்லை.

13, புதன்

மீன்காரருக்கு ஃபோன். "ஓம் ரீச்சர், சுறா கிடக்கு. சதையும் வேணுமோ, முள்ளு மட்டுமோ?" சிரிக்கிறார்.

மச்சாள் என்னோடு இருந்து சாப்பிடவில்லை. சோறு மட்டும் மூடி வைத்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "ஒரு துண்டைப் புளியிலை கழுவித் தாங்கோ. மற்றத் துண்டைத் தொடாதேங்கோ."

"உமக்கென்ன விசரே?"

"ஓம். ஆனா தண்ணியை ஊத்திப்போடாதேங்கோ."

15, வெள்ளி

நேற்று எழுதவில்லை. பஸ்ஸில் மடியில் முள் கழுவின தண்ணீர்ப் போத்தல், அதன் நாற்றம், பக்கத்தில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. இன்று:

கழுவாத முள் – சிவப்பு!!
புளியில் கழுவியது – ஒன்றுமில்லை.
வெறும் புளிக்கரைசல் – ஒன்றுமில்லை.
கழுவின தண்ணீர் – மாட்டைவிடச் சிவப்பு!!!

வென்றுவிட்டேன். கத்திய கத்தலில் பேராசிரியர் ஓடி வந்தார். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, திரும்பவும் பார்த்தார். "அத்தியாயம் இருக்கட்டும். உந்தப் புளித்தண்ணியையும் சேர்த்து எழுதும்."

வீட்டில் ஃபோனில் படத்தைக் காட்டினேன். மச்சாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதிலை ஆகச் சிவப்பு என்ர தண்ணியோ?"

"ஓம் மச்சாள்."

பக்கத்து வீட்டுக்குக் காட்டவென்று ஃபோனைப் பறித்துக்கொண்டு போனவர். ஒரு மணித்தியாலம் ஆகிறது, இன்னும் வரவில்லை.