அடித்துவிட்ட ஓர் அளவீடு

இந்த ஒயிட்னரைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தனி ஊசல் சோதனை. ஒரு நோட்டைத் திறந்ததுமே அந்த வாடை முகத்தில் அடித்தது. இருபது அலைவுக்கு எத்தனை வினாடி என்று ஐந்து முறை அளந்து எழுத வேண்டிய அட்டவணையில் நான்காவது கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் 43. மற்ற நான்கும் 36, 37. எழுதிய பெண்ணைக் கூப்பிட்டு, "இத என்னத்துக்குப் பிள்ளே அழிச்சே?" என்று கேட்டேன். அவள் திருதிருவென்று முழித்துவிட்டு, "டீச்சர்தானே சொன்னிய, ஒத்து வராத ரீடிங்க விட்டுரலாம்ணு" என்றாள்.

சொன்னேன்தான். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடமும் சொன்னேன். அதனால்தான் நீ போய் ஒன்றரை வருடம் கழித்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே பள்ளியில் நான் இயற்பியல், நீ கணிதம். சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு என் ஆய்வகத்து அளவீடுகளைத்தான் நீ வாங்கிப்போவாய். சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம் எல்லாம் அதிலேயே போட வைப்பாய். கையால் அளந்த எண் என்றால் பிள்ளைகளுக்குப் பயம் இருக்காது என்பது உன் கட்சி. ஆனால் என் எண்களைப் பார்த்தாலே உனக்குச் சந்தேகம்தான். "இதெல்லாம் குளிப்பாட்டி பவுடர் போட்ட ரீடிங்காக்கும்" என்பாய். தப்பில்லை. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிறவர், புவியீர்ப்பு முடுக்கத்துக்கு வந்த விடை 9.8க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அதைக் கெடுக்கிற அளவீட்டை அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி போடுவது எங்கள் ஆய்வகத்தில் எழுதாத சட்டம்.

ஒருநாள் நீ பத்தாம் வகுப்பில் ஐந்து பெண்களை எழுப்பி, வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் என்று கேட்டு எழுதினாய். 10, 15, 15, 20, 90. கூட்டினால் 150, சராசரி 30. "அரை மணிக்கூர்ல வாறவ யாரு, கைய தூக்கு" என்றாய். ஒரு கையும் எழவில்லை. சராசரி சொல்கிற ஆளே வகுப்பில் இல்லை என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு எண்களை வரிசையாக நிற்கவைத்து நடுவில் நிற்பதைப் பார்க்கச் சொன்னாய். 15. அதுதான் இடைநிலை, ஓரத்தில் நிற்கிற எண் எவ்வளவு பெரிதானாலும் அதை அசைக்க முடியாது என்று விளக்கினாய். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நான் சும்மா போயிருக்கலாம். "அந்தத் தொண்ணூற வெட்டிட்டா சராசரியே பதினஞ்சு வருமேட்டி, என்னத்துக்கு இவ்வளவு பாடு?" என்று ஜன்னல் வழியே கேட்டேன். நீ திரும்பி, "அவ மலைக்கு அந்தப்பக்கமிருந்து ரப்பர் தோட்டம் வழியா நடந்து வாறா. வெட்டிட்டா கணக்கு சரியாவும். பிள்ள எங்கட்டி போவா?" என்றாய். வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு உன்மேல் இரண்டு நாள் கோபம்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் நீ ஆய்வகத்துக்கு வந்தாய். கல்ஃபிலிருந்து வந்த உன் தம்பி ஒரு பிரஷர் மெஷின் கொடுத்திருந்தான். ஏழு நாள் பார்த்து, மேல் எண்ணை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தாய். 130, 128, 132, 190, 126, 134, 130. "இந்த வியாழக்கிழமத்தது மட்டும் இப்பிடி இருக்கு. நீ என்ன சொல்லுக?" என்று கேட்டாய். நான் ஊசல் குண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தாளை வாங்கி, சிவப்புப் பேனாவால் 190ஐ அடித்தேன். மீதி ஆறையும் கூட்டினால் 780, சராசரி 130. "பாத்தியா, எவ்வளவு சுத்தமா வருகு! கையில பட்டைய சரியா சுத்தியிருக்க மாட்டே" என்றேன். உன் முகம் தெளிந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனா பிடிச்சுப் படுக்க வச்சிருவாவ. பரீட்சை முடியட்டும். நீ சொன்னா சரி" என்று போய்விட்டாய்.

நீ சண்டைக்கு வரவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் உன்னிடம் ஜெயித்த ஒரே வாதம் அதுதான். அந்த எண் எப்படி வந்தது, அன்றைக்கு உனக்கு உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்றாவது வாரம் காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது விழுந்தாய். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரைகூட நீ இருக்கவில்லை.

அடக்கம் முடிந்து உன் பொருள்களை வாங்கிப்போக உன் வீட்டுக்காரர் பள்ளிக்கு வந்தார். "டீச்சர், அவ உங்ககிட்ட முன்னாடியே எதாவது சொன்னாளா?" என்று கேட்டார். "இல்லண்ணா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவரைக் கடைத்தெருவில் கண்டால்கூட வேறு பக்கம் போய்விடுவேன்.

ரெக்கார்டு நோட்டைப் பார்த்த அன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அந்த வியாழக்கிழம தல பொளந்துபோவுதுண்ணு சோறுகூட வேண்டாம்ணு கிடந்தா. நானும் ஒரு மாத்திரையக் கொடுத்து ஒறங்கச் சொன்னேன்" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கொஞ்சம் கழித்து, "மகளுக்கும் இப்பம் தலைவலி உண்டு டீச்சர். கண்ணாடிய மாத்துண்ணு சொல்லிருக்கேன்" என்றார். சொல்லிமுடிப்பதற்குள் அவருடைய குரலே மாறிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பெங்களூரில் வேலை பார்க்கிற மகளுக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"பிரஷர் பாத்தியா மக்கா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல பாத்தாங்க ஆன்ட்டி. மொதல்ல நூத்தியறுபது காட்டிச்சு. படியேறி வந்ததுனால இருக்கும்ணு நர்ஸ் மறுபடி பாத்தாங்க, நூத்திமுப்பது. அதான் மொதல்ல வந்தத விட்டாச்சு."

நாளைக்கே டாக்டரிடம் போ என்றேன். நாளைக்கு மீட்டிங் என்றாள். வேறு வழியில்லாமல் துண்டுத்தாள் கதையை அவளுக்கும் சொன்னேன். சிவப்புப் பேனா வரைக்கும் சொன்னேன். "இத நீங்க அப்பவே சொல்லிருக்கலாம்லா ஆன்ட்டி" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். உன் குரல் மாதிரியே இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போயிருக்கிறாள். ஒரு வாரம் தொடர்ந்து பார்த்துவிட்டு மாத்திரை எழுதியிருக்கிறார்கள், ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று உன் வீட்டுக்காரர் நேற்று சொன்னார். நான் அழைத்தால் அவள் எடுப்பதில்லை. இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு எண் உன்னைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்ட டாக்டரும் பிடிகொடுத்துப் பேசவில்லை. தெரியாமலே இதைச் சுமந்துகொண்டுதான் இனி நான் வகுப்புக்குப் போக வேண்டும். உன் மகள் என்னை மன்னிக்க வேண்டாம். என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே அவள் நூறு வயது வரை இருக்கட்டும்.