ரொட்டி வாங்கப் போன காலை

அன்புள்ள உனக்கு,

நீ இருக்கும் மரம் வெட்டும் முகாம் பக்கம் பனி கொட்டுவதாக ரேடியோவில் சொன்னார்கள். தடித்த காலுறைகள் உன் பையின் அடியில் இருக்கின்றன. வாசலில் நீ நட்ட "ஆம்" பலகையைப் பிடுங்கி ஷெட்டில் வைத்துவிட்டேன். கியூபெக் தனி நாடாக வேண்டுமா என்ற ஓட்டெடுப்பு முடிந்து மூன்று வாரமாகிறது. உங்கள் பக்கம் மயிரிழையில் தோற்றது, கியூபெக் கனடாவோடுதான் இருக்கிறது. ஆனால் இந்தத் தெருவில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு உன் அண்ணன் ரெழான் வீட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ முகாமுக்குக் கிளம்பும் முன் அவர் வீட்டில் சாப்பிட்டோமே, அன்று மேசையில் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நீ பிரியணும்ங்குற, அவ கூடாதுங்குற. ரெண்டு ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுபோகும்னு ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்தீங்களாக்கும்? போடா, உம் பொண்டாட்டி போய்ப் போட்டிருப்பா."

நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய்.

"அவ சொன்னா சொன்னதுதான். இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

காரில் நான் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டாய்.

ஓட்டெடுப்பு அன்று காலை நீ தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தாய். நான் ரொட்டி வாங்கப் போனேன், திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. பேக்கரியில் கூட்டமே இல்லை. கியூபெக் பிரிந்தால் ஒட்டாவா வேறு நாடாகிவிடும்; அங்கே இருக்கும் நம் மகளைப் பார்க்க, எல்லையில் காகிதம் நீட்டிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. அவ்வளவுதான் நினைத்தேன்.

விருந்துக்குப் பன்றிக்கறி அடை நான் செய்கிறேன். அதற்கு முன் அண்ணனுக்கு ஒரு போன் போடு. அவர் சொன்னது சரிதான்.

உன் மனைவி