பித்தான் மிஷினுக்குக் கிடைக்காத பணம்

தியாகராய நகர்
12-9-1976

சிரஞ்சீவி ஜவஹருக்கு அம்மா எழுதுவது. உனக்கும் சீதாவுக்கும் பேத்திக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும், இங்கே நானும் உன் தங்கை முத்துலட்சுமியும் சுகம். எப்போதும் அவள் கையால்தான் எழுதச் சொல்வேன், இன்றைக்கு அவளை நந்தனத்துக்கு அனுப்பிவிட்டு நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிடு. பேத்திக்குப் பம்பாய் மழை ஆகாது, வெளியே போனால் காதில் பஞ்சு வை.

உன் சிநேகிதன் தையற்கடை அக்பர் பாஷா நேற்று வந்தான். அவனும் நம் ஊர்க்காரர் நல்லசிவம் அண்ணாச்சியும் இன்னும் எட்டுக் கடைக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, எந்த ஜாதி எந்த மதம் என்று பார்க்காமல், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நிதி சேர்த்திருக்கிறார்களாம். முதல் பணம் உனக்குத்தானாம், நீ அன்றைக்கு ஆசைப்பட்ட பித்தான் மிஷினுக்கு. "இன்னா பெரிம்மா, அண்ணாச்சி போட்ட லெட்டர கிழிச்சி அதே கவர்ல திருப்பி அனுப்பிக்கீறான் உன் புள்ள, பாம்பேல எவன் கம்பெனிலயோ பித்தான் அடிச்சிகினே கெடக்கணுமா அவன்" என்று கேட்டான். ஐப்பசி பிறக்கும் வரை காத்திருப்பார்களாம், அப்புறம் அசோக் நகரில் பேனா ரீபில் செய்யப்போகும் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

ஜவஹர், ஏழு வருஷமாக நீ அண்ணாச்சியைத் திட்டுகிறாய். அறுபத்தொன்பதில் நம் ஊர்க்காரர் சங்கத்து மகமைப் பணம் உனக்குக் கிடைக்காமல் செய்தது அவர்தான் என்று அவர் மகள் கல்யாணத்துக்குக்கூட நீ வரவில்லை. வேண்டாம் என்றது அவர் இல்லை, நான். கடைக்குக் கடை வசூலித்த பணம் அது, யாருக்குக் கொடுக்கும் முன்னும் கேட்டவன் இல்லாத நேரம் பார்த்து வந்து வீட்டுப் பொம்பளையிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள், அவள் வேண்டாம் என்றால் கொடுக்கமாட்டார்கள், யார் சொன்னது என்று வெளியே விடவும் மாட்டார்கள். நீ கிண்டிக்கு மிஷின் பார்க்கப் போன வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்து மோர் குடித்துவிட்டு, "கொடுக்கலாமா தாயி" என்றார். கொடுக்காதீங்க, அவனுக்குச் சமர்த்துப் போதாது என்றேன்.

உனக்குச் சமர்த்து இல்லை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லையடா. உன் அப்பா அதே மகமைப் பணத்தில் சோடாக் கடை வைத்து ஐம்பத்திரண்டில் நொடித்தாரே, அந்த வருஷத்துச் சங்க விருந்தில் அண்ணாச்சி சம்சாரம் தேவானை நாலு பேர் காதில் விழ, "கடை போனா என்ன, வேலம்மா மதினிக்குப் பாயசம் ரெண்டாந்தரம் கேக்குது பாரு" என்றாள். இலையை மூடிவிட்டு எழுந்தேன். அந்தப் பணம் இனி என் வாசற்படி ஏறக்கூடாது என்று மனசில் வைத்தேன், உன் பிழைப்பு அதில் போயிற்று. தேவானையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெற்றவள் சொன்னாள் என்று மறுகேள்வி கேட்காமல் எழுந்து போனாரே, அண்ணாச்சி மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் நீ திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை அந்த மனுஷன்.

பதில் எனக்குப் போடவேண்டாம், அண்ணாச்சிக்குப் போடு, ஐப்பசிக்கு முன்னால். என் மேல் உனக்கு வரும் கோபத்தை எத்தனை வருஷம் வைத்துக்கொண்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அவர் மேல் வைத்திருப்பதை மட்டும் இறக்கிவிடு. நீயும் சீதாவும் குழந்தையும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு
உனக்குக் கெடுதல் செய்த அம்மா
வேலம்மா