சுண்ணாம்புக்கு அடியில் போன நம்பர்

இயேசு மரி சூசை துணை

சென்னை, அடையாறு ஆற்றோரம்
செப்டம்பர் 2, செவ்வாய் மதியம்

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அம்மா எழுதுவது. உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினம் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், என் உடம்பும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது, மனசை மட்டும் கேட்காதே. சாகும்வரை சிஸ்டராகவே இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால் ஆறு மாதம் போன் கூடாது என்று உங்கள் மடத்தில் வைத்திருப்பதும் ஒருவகையில் நல்லதுதான், போனில் என்றால் அழுதே நேரத்தைப் போக்கியிருப்பேன், பேப்பரில் கொஞ்சம் யோசித்து அழுகிறேன். ஐந்தாவது படித்த கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆழ்வார்பேட்டையில் வேலை முடித்து ஒரு மணிக்கு வந்தேன், சோறு அப்படியே இருக்கிறது, இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன், எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அப்பா போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. தவக்காலத்தில் போனார், நீ ராஞ்சியிலிருந்து ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் மண் போட்டுவிட்டோம், அது உன் தப்பு இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன், ஆனாலும் இன்னும் எனக்கு ஆறவில்லை, உன்னிடம் மறைத்து என்ன செய்யப்போகிறேன். அவருடைய மூன்று சக்கர மீன்பாடி வண்டி வாசலில் சங்கிலி போட்டு நிற்கிறது, விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்க மனசு வரவில்லை. கடைசி மூன்று மாதம் வாசல் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் அல்லவா, அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை தலை அளவுக்கு வட்டமாகப் படிந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் அதுதான் கண்ணில் படும். முப்பதாம் நாள் பூசைக்கு முதல் நாள் என்னால் தாங்க முடியாமல் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து நானே வெள்ளையடித்தேன். அந்தக் கறைக்குப் பக்கத்தில்தான் பொங்கலுக்கு முன்னால் கணக்கெடுக்க வந்தவர்கள் சிவப்பு பெயின்டில் நம்பர் போட்டிருந்தார்கள். எதிர் வீட்டு பாஞ்சாலி பார்த்துவிட்டு, யக்கா நம்பர் மேல அடிக்கிறியே என்றாள். நான்தான், அதான் நோட்ல எழுதிக்கினு போய்ட்டாங்களே, சொவுத்துல கீறது எதுக்கு என்று சொல்லி இரண்டு பூச்சு அடித்தேன். அந்தச் சமயத்தில் நம்பரா முக்கியம், நீயே சொல்லு.

ஜூன் மாதம் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை நோட்டு இல்லை, ஒரு பலகை மாதிரி போன், ஒவ்வொரு வாசலிலும் நம்பரோடு சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன், நம்பர் தெரியாத வாசலைப் படம் பிடிக்காமல் விட்டுவிட்டார்கள். ரேஷன் கடையில் லிஸ்ட் ஒட்டினபோது நம் பெயர் இல்லை. இங்கே இருக்கிறவர்களை எல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும், அங்கே போனால் வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும் என்று நாம் அழுததும் தெரியும், லிஸ்டில் இல்லாதவர்களுக்கு அந்த இரண்டு பஸ்ஸும் இல்லை, இயந்திரம் வரும்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். என்னோடு சேர்த்து பதினான்கு வீடு அப்படி விட்டுப்போயிருக்கிறது. மற்ற பதின்மூன்று பேரும் பொங்கலுக்கு முன்னால் நம்பர் போட்ட அன்று கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள். பாஞ்சாலியும் அதில் ஒருத்தி, தேனாம்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் காலை ஐந்து மணிக்கே அடுப்பு பற்ற வைக்கப் போகிறவள் வீட்டில் எப்படி இருப்பாள்.

நம் கோயிலில் குடும்பக்காரர்கள் சேர்ந்திருக்கிற மூன்றாம் சபைக் கூட்டத்துக்கு முதல் ஞாயிறு வருவாரே பிரதர் மதிவாணன், உங்கள் பிரான்சிஸ் அசிசியார் சபைக்காரர், அவர்தான் பதினான்கு பேருக்கும் மனு எழுதினார். அங்கியின் இடுப்பில் மூன்று முடிச்சுக் கயிறும் காலில் தேய்ந்த ரப்பர் செருப்புமாக எங்களோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார், ஓர் இடத்தில் வாட்ச்மேன் அவரையும் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டான், சந்தோஷமாக நின்றார். அவரிடம் ஒருநாள் சண்டையே போட்டேன். நீங்க ஏழ்மைன்னு வார்த்தைப்பாடு குடுக்கறீங்க, எங்கள யாரு கேட்டா, நாங்க பொறந்ததே அதுலதான், அதப் போயி புண்ணியம்னு பிரசங்கம் வைக்கறீங்களே என்று கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை. பிரான்சிஸ் விட்டது அவரோடதம்மா, அவரா விட்டாரு, உங்ககிட்டேந்து புடுங்கறது வேற, அதுக்குப் பேரு ஏழ்மை இல்ல, அநியாயம், ரெண்டையும் ஒண்ணுன்னு எவனாச்சும் சொன்னா நானே சண்டைக்கு வருவேன் என்றார். நீயும் உன் கடிதத்தில் அசிசியார் தகப்பன் கொடுத்த துணியைக் கழற்றி ஆயர் முன்னால் வைத்ததை எழுதியிருந்தாய். எனக்கு அந்தக் கதையைப் படித்தால் அவரைப் பெற்றவள்தான் ஞாபகம் வருகிறாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவள் சோறு சாப்பிட்டிருப்பாளா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை அந்த மனுமேல் விசாரணை என்று ஒரு ஆபீஸர் சந்துக்கே வந்தார். சுவரில் நம்பர் இருந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டார். நான் உள்ளே போய் தோசைக் கரண்டியை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் சுவரைச் சுரண்டினேன். சுண்ணாம்பு செதில் செதிலாக விழுந்தது, முதலில் அப்பாவின் எண்ணெய்க் கறைதான் வந்தது, அதற்குமேல் நான் சுரண்டவில்லை, பாஞ்சாலி கரண்டியைப் பிடுங்கி மீதியைச் சுரண்டினாள், சிவப்பு பெயின்ட் தெரிந்தது. ஆபீஸர் படம் பிடித்தார். உன்னுது கிளியர்மா, இதுல ஒரு கையெழுத்து போடு என்று அப்பாவின் வண்டி மேலேயே ஃபாரத்தை வைத்தார். நான் எழுத்துக் கூட்டித்தானே படிப்பேன், படித்துக்கொண்டே வந்தேன், இன்னாமா பரீட்சைக்கா படிக்கிற என்று சிரித்தார். கடைசி வரியில், மேற்படி சந்தில் கணக்கில் விடுபட்ட குடியிருப்பு வேறு எதுவும் இல்லை என உறுதி கூறுகிறேன் என்று இருந்தது. பின்னாலே பதின்மூன்று பேரும் நிற்கிறார்கள். சார், அப்ப இவங்கள்லாம் இன்னா, விருந்தாளிங்களா என்று கேட்டேன். அது எல்லா ஃபாரத்துலயும் கீறதுமா, சும்மா போடு, அவங்க கதை வேற என்றார். நான் பேனாவை வண்டி மேல் வைத்துவிட்டேன். அந்த வரிய அடிச்சுக் குடுங்க சார், போடறேன் என்றேன். அடிக்கிற அதிகாரம் தனக்கு இல்லை என்று ஃபாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு, இருபத்திரண்டாம் தேதி எல்லோரும் இங்கே குடியிருக்கிற அத்தாட்சியோடு ஆபீஸுக்கு வாருங்கள், அன்றைக்கும் கையெழுத்துப் போடாவிட்டால் என் பெயரும் விட்டது விட்டதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ இப்போது அம்மா பெரிய காரியம் செய்தாள் என்று நினைப்பாய், தயவுசெய்து நினைக்காதே. அன்றிலிருந்து நான் தூங்குவதே இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்தால் அந்த வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பேன், நிம்மதியாக இருந்திருப்பேன். சந்தில் யாரும் என்னைக் கொண்டாடவும் இல்லை. பாஞ்சாலி அன்று சாயந்திரமே வந்து, உனுக்கு இன்னா பைத்தியமா யக்கா, நீ ஒருத்தியாவது உள்ள போயிருந்தா நாளைக்கு என் பொட்டிய வைக்க ஒரு எடமாவது இருந்திருக்கும் என்று கத்தினாள், அவள் சொல்வதும் சரிதானே. இன்னொருத்தி குழாயடியில் என் காதில் விழவேண்டும் என்றே, அதுக்கு இன்னா, பொண்ணு சிஸ்டராச்சே, மடத்துல கஞ்சி ஊத்துவாங்க என்றாள். சுப்புலக்ஷ்மி அம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது இதைச் சொன்னேன், அவர்களும் மனசு நல்லவர்கள்தான், சலேத், ஊருக்கெல்லாம் நீ எதுக்கு நின்னுண்டிருக்கே, எங்காத்து மாமாவுக்கு அங்க தெரிஞ்சவா இருக்கா, ஒரு போன் போட்டா உன் பேரைச் சேர்த்துடுவா, பேசாம முடிச்சுண்டு வாயேன் என்றார்கள். சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. நேற்றும் வந்தது. இன்றைக்குக் காலையிலும் அந்த வீட்டு ஐயா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது காபி டம்ளரை எடுக்கிற சாக்கில் அவர் பக்கத்தில் போய் நின்றேன், என்னமோ கேட்காமல் திரும்பிவிட்டேன். நாளைக்குக் கேட்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. பிரதரிடம், நீங்களே சொல்லிடுங்க, போடவா வேணாமா என்று கேட்டேன். நான் சொல்ல மாட்டேம்மா, எனக்கு மடத்துல பாய் இருக்கு, போனா உங்க வீடுதான் போகும், அதனால சொல்ற உரிமை எனக்கு இல்ல என்றார். அந்த வார்த்தைக்காக அவரை நம்புகிறேன், அதே வார்த்தைக்காகக் கோபமும் வருகிறது.

அம்மா தனியாக இருக்கிறாள், வார்த்தைப்பாட்டைத் தள்ளிப்போட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன். எனக்காக வராதே. உனக்கே அது வேண்டாம் என்று தோன்றினால் வா, ஒரு கேள்வி கேட்க மாட்டேன், உலை வைக்கிறேன். ஆனால் அம்மாவுக்காக என்று வந்தாயானால், நாலாவது மாதம் என் முகத்தைப் பார்த்து உனக்கு எரிச்சல் வரும், எனக்கும் வரும். வருவதற்கு வீடு இருக்குமா என்றும் தெரியாது. அதனால் என்னைக் கணக்கில் சேர்க்காமல் யோசி. அக்டோபர் நாலாம் தேதி உன் வார்த்தைப்பாட்டுக்கு நான் அங்கே வர முடியாது, அன்றைக்கு இந்த அம்மாவின் ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கும், அப்பாவுடையதும் இருக்கும். குளிர் வருவதற்கு முன்னால் காலுறை வாங்கிக்கொள், தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, ஏழ்மை வார்த்தைப்பாடு என்று சொல்லிக்கொண்டு செருப்பில்லாமல் நடக்காதே.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன், உடனே செய். அன்றைக்கு ஆபீஸர், இந்த விலாசத்துக்கு யாருக்காச்சும் தபால் வந்துகீதா என்று கேட்டார். ஒருவருக்கும் வந்ததில்லை. உன் கடிதம்கூட கோயில் விலாசத்துக்குத்தான் வருகிறது. பத்திரமாக வந்து சேரட்டும் என்றுதான் அப்படிப் போடுகிறாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், நம் சந்துப் பெயரை உங்கள் மதர் படிக்கவேண்டாம் என்றும் இருக்குமோ என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் தோன்றியது, போகட்டும் விடு. தபால்காரர் ஷரஃபுதீன் பாயைப் பிடித்துக் கேட்டேன். லெட்டர் வந்தா குடுக்காம எங்கமா போகப்போறேன், உங்க சந்துக்கு வர்றதே இல்லியே என்றார். இது மட்டும் போதாது, மற்ற பேப்பர்களோடு சேர்த்து வைத்தால் முத்திரை குத்தின தபாலுக்கும் ஒரு பலம் உண்டு என்று பிரதர் சொன்னார். உங்கள் மடத்தில் பத்துப் பதினைந்து சிஸ்டர்கள் இருக்கிறீர்கள் அல்லவா, பின்பக்கம் பதினான்கு பெயரும் விலாசமும் எழுதியிருக்கிறேன், ஆளுக்கு ஒருவருக்கு ஒரு கார்டு இருபதாம் தேதிக்குள் வந்து சேருகிற மாதிரி போடுங்கள், விலாசத்தைக் கொட்டை எழுத்தில் முழுசாக எழுதச் சொல். ஜெபிக்கிறோம் என்று ஒரே வரியில் முடிக்காமல், சாப்பிட்டீர்களா, மழை பெய்ததா, முதுகு வலி எப்படி இருக்கிறது என்று மனுஷர்கள் எழுதுகிற மாதிரி எழுதட்டும், தமிழ் தெரியாதவர்கள் நீ சொல்லச் சொல்ல எழுதட்டும். பாஞ்சாலியின் கார்டை மட்டும் நீயே எழுது. கோபத்தோடு கோபமாக வந்து, யக்கா நெஜமா என் பேருக்கு லெட்டர் வருமா என்று நேற்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அவள் பிறந்ததிலிருந்து யாரும் அவளுக்கு ஒரு வரி எழுதினதில்லையாம். கொஞ்சம் நீளமாகவே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
த. சலேத்மேரி